வராத பஸ்

அட்டைக் குழாயிலிருந்து போஸ்டரை உருவிப் பாதி விரித்ததும் லொரெட்டாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

படத்தில் சிரித்துக்கொண்டிருந்தது, போன கோடையில் அவளுடைய ரிசார்ட் லாண்டரியில் வேலை பார்த்த டெஸ்பினா.

கழுத்தில் காசுமாலை, இடுப்பில் சிவப்பும் கறுப்புமாய் நெய்த மாசிடோனிய ஏப்ரன், ஒரு கையில் அவித்த சோளக்கதிர். பெடல் படகில் உட்கார்ந்திருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், 'சில்வர் லூன் ரிசார்ட், விஸ்கான்சின். உலகத்தோடு ஒரு கோடை!'

"என்ன லொரெட்டா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறே?"

பக்கத்து மேஜையிலிருந்து ஏர்ல் குரல் கொடுத்தான். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஆள் எடுப்பவன். ஜனவரி வந்தால் கோடை வேலைக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க இருவரும் மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேவில் இதே ஹோட்டல் ஹாலில், இதே மாதிரி மேஜைகளுக்குப் பின்னால் சந்திப்பார்கள்.

"போஸ்டர் கொஞ்சம் கசங்கியிருக்கு. அதான்."

"கசங்கினா என்ன? படம் அருமையா இருக்கே! உனக்குத் துணி வெளுக்க ஆளு வேணும், எனக்கு ராட்டினம் சுத்த ஆளு வேணும். ரெண்டுக்கும் பேரு கலாசாரப் பரிமாற்றம். குடு, நான் மாட்டறேன்."

மாட்டியும் விட்டான். வேறு போஸ்டர் இல்லை. விளம்பரப் பிரிவு கடைசி நேரத்தில் கொடுத்து அனுப்பியதை ஊரிலேயே ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. லொரெட்டா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, போஸ்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அந்தப் படம் எடுத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. 'கலாசார நாள்' நடந்ததற்குப் படம் வேண்டும் என்றார்கள். பையன்களும் பெண்களும் அவரவர் ஊர் உடுப்பில் வந்து நின்றார்கள். படம் எடுத்து முடித்ததும் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு லாண்டரிக்குத் திரும்பினார்கள். டெஸ்பினா மட்டும் சோளக்கதிரைத் தின்றுகொண்டே போனாள்.

அதற்குப் பிறகு அதிக நாள் அவள் அப்படி நடக்கவில்லை.

"மேடம், ஆரம்பிக்கலாமா?" உள்ளூர் ஏஜென்ட் லூப்சோ வந்து நின்றான். கோட்டுப் பையில் மூன்று பேனா, முகத்தில் முப்பத்திரண்டு பல். "இந்த வருஷம் பசங்களை நல்லாத் தேத்தி வச்சிருக்கேன். ரூம் எங்க, பஸ் உண்டான்னு எடுத்த எடுப்புல கேக்காதீங்க, சிரிச்சுக்கிட்டே பேசுங்கன்னு சொல்லியிருக்கேன்."

வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. 'எனக்கு மனிதர்களைப் பிடிக்கும் மேடம்.' 'நான் குழுவாக வேலை செய்வேன் மேடம்.' லொரெட்டா தலையாட்டினாள், சிரித்தாள், கை குலுக்கினாள்.

நாலாவதாக வந்து உட்கார்ந்த பெண்ணின் பெயர் கலினா. அவளுக்குப் பின்னால் ஒரு அம்மாள், கையில் துணிப்பையோடு. அந்த அம்மாளுக்குப் பின்னால், ரொம்பப் பின்னால், ஊன்றுகோலைத் தரையில் தட்டித் தட்டி வந்தாள் டெஸ்பினா.



"சீக்கிரம் வாடி! ஊரே பாக்குது," என்றாள் அம்மாள், திரும்பிப் பார்க்காமலே. பிறகு லொரெட்டாவைப் பார்த்ததும் முகம் குழைந்தது. பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து இரண்டு கையாலும் மேஜையில் வைத்தாள். சுட்ட சிவப்புக் குடமிளகாயை அரைத்துக் கிளறிய அய்வார். அவர்கள் மொழியில் மளமளவென்று ஏதோ பேசினாள்.

லூப்சோ மொழிபெயர்த்தான்.

"இவங்க ராட்மிலா. டெஸ்பினாவோட அம்மா. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்காங்க."

"மன்னிப்பா? எதுக்கு?"

"நீங்க பஸ் விட்டீங்க. இவ திமிரு புடிச்சு அதுல ஏறாம சைக்கிள்ல போயி, ராத்திரி நெடுஞ்சாலைல கார்ல அடிபட்டு, உங்க ரிசார்ட்டுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டா. அதுக்கு. சின்னவ அப்படி இல்லையாம், சொன்ன பேச்சைக் கேப்பாளாம். அவளுக்கு ஒரு வேலை போட்டுக் குடுக்கணுமாம்."

ராட்மிலா டெஸ்பினாவின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "சொல்லுடி. மேடம்கிட்ட மன்னிப்புக் கேளு."

டெஸ்பினா நிமிர்ந்தாள். போஸ்டரைப் பார்த்தாள். லொரெட்டாவைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"படம் நல்லா வந்திருக்கு மேடம். ரெண்டு காலும் தெரியுது."



நடந்தது இதுதான். அந்த வாரம் ரிசார்ட்டில் பெரிய கல்யாணம். விருந்தாளிகளை ஏற்றி இறக்க வண்டி போதவில்லை. லாண்டரி ஆட்களுக்கான பஸ்ஸைக் கல்யாண கோஷ்டிக்குத் திருப்பிவிட்டது லொரெட்டாதான். லாண்டரியில் சொல்ல மறந்துவிட்டாள். மறுநாள் லூப்சோ போன் செய்தபோது, முதலாளி கிரெய்க் எதிரிலேயே நின்றார். "பஸ் இருந்தது. அவ ஏறல," என்றாள். ஒரு வரி. அந்த வரி கடல் தாண்டி இவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பெற்றவளே பெண்ணைத் திமிர் பிடித்தவள் என்கிறாள்.

"டெஸ்பினா, வீட்டுல சொல்லலையா?" அவளிடமே கேட்டாள்.

"சொல்லாமலா இருப்பேன்? ஆறு மாசமாச் சொல்றேன். 'அமெரிக்காக்காரங்க எதுக்குடி பொய் சொல்லப்போறாங்க?'ங்கறாங்க அம்மா." ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்தாள். "மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் தங்கச்சிக்கு வேலை குடுத்துக் கணக்கைத் தீத்துடலாம்னு மட்டும் நினைக்காதீங்க."

அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் லொரெட்டா. சின்னவளை எடுத்துக்கொண்டால் போதும், வெயில் படாத வரவேற்பறையில் போடலாம், நடந்தே வரும் தூரத்தில் அறை கொடுக்கலாம் என்று மனசு வேகமாய் ஓடிக்கொண்டிருந்தது. பிடிபட்டதும் காது சுட்டது.

"லூப்சோ, இந்த அம்மாகிட்டச் சொல்லு. அன்னிக்கு பஸ் வரல. வேற வேலைக்கு அனுப்பினது நான். இவ ஏறலன்னு நான் சொன்னது பொய்."

லூப்சோவின் பல் வரிசை அசையவில்லை. ராட்மிலாவிடம் திரும்பி நீளமாய்ப் பேசினான். ராட்மிலாவின் கண் கலங்கியது. எட்டி லொரெட்டாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். ஜாடியை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

டெஸ்பினா சிரித்துவிட்டாள். சத்தமாக.

"இவரு என்ன சொன்னாருன்னு தெரியுமா மேடம்? 'மேடம் பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டாங்க, பஸ்ஸைப் பத்தி இனிமே பேச வேண்டாங்கறாங்க'ன்னாரு."

"லூப்சோ!"

"மேடம், தயவுசெஞ்சு." பல்லுக்கிடையில் முணுமுணுத்தான். "பின்னால வரிசையைப் பாருங்க. அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. என் பொழப்பு, உங்க பொழப்பு ரெண்டும் இதுலதான் இருக்கு."

"டெஸ்பினா, நீ சொல்லும்மா. நான் சொல்லச் சொல்ல."

"மாட்டேன்." சிரிப்பு போய்விட்டது. "என் வாயால சொன்னா அது பழைய கதை. நான் நல்லவன்னு நானே எத்தனை தடவைதான் மேடம் சொல்றது?"

ஏர்ல் பக்கத்து மேஜையிலிருந்து குனிந்தான். "விடு லொரெட்டா. காபி குடி, மறந்துடும். கிரெய்க் காதுக்குப் போச்சுன்னா நீயே அடுத்த விமானத்துல ஊருக்குப் போயி வேலை தேடணும்."

லொரெட்டா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கலினாவைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்த சிரிப்பு அந்த முகத்தில் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"கலினா, இப்ப உன் நேர்காணல். என் ரிசார்ட்டுல விருந்தாளி சொல்றது அப்படியே அடுத்தவங்களுக்குப் போய்ச் சேரணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நான் சொல்றதை உங்கம்மாகிட்ட அப்படியே சொல்லு. முடியுமா?"

கலினா அக்காவைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். "முடியும் மேடம்."

லொரெட்டா சொன்னாள். கல்யாணம். திருப்பிவிட்ட பஸ். லாண்டரியில் சொல்ல மறந்தது. போனில் சொன்ன பொய். ஒவ்வொரு வரிக்கும் கலினா காத்திருந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். குரல் ஒரே ஒரு இடத்தில் உடைந்தது. தண்ணீர் கேட்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தாள்.



ராட்மிலா ஒன்றே ஒன்று கேட்டாள். கலினா அதை ஆங்கிலத்தில் திருப்பினாள்.

"பஸ் வராதுன்னு தெரியாம, என் பொண்ணு அங்க காத்துக்கிட்டு இருந்தாளா?"

"ஆமா," என்றாள் லொரெட்டா. "எல்லாரும் போன பிறகும் நின்னிருக்கா. அப்புறம்தான் சைக்கிளை எடுத்திருக்கா."

ராட்மிலா அழவில்லை, திட்டவில்லை. அய்வார் ஜாடியை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தாள். மேஜையைச் சுற்றி வந்து போஸ்டரின் நாலு முனையையும் நிதானமாய்ப் பிரித்தாள்.

"அம்மா, அது ரிசார்ட்டோட சாமான்..." என்று ஆரம்பித்தான் லூப்சோ.

அவள் அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். டெஸ்பினாவிடம் போய் ஊன்றுகோலைத் தன் கையில் வாங்கிக்கொண்டு தோளைக் காட்டினாள்.

"என் மேல சாஞ்சுக்கடி. மெதுவா நட. என்ன அவசரம்?"

டெஸ்பினா லொரெட்டாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்ப்பாள், ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று லொரெட்டா எதிர்பார்த்தாள். எதிர்பார்த்ததே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

கலினா மட்டும் மேஜையருகே நின்றாள்.

"உன் இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றாள் லொரெட்டா.

"தெரியும் மேடம்," என்றாள் கலினா. போய்விட்டாள்.

லூப்சோ போனை எடுத்துக்கொண்டு வெளியே விரைந்தான். யாருக்குப் பேசப்போகிறான் என்பது லொரெட்டாவுக்குத் தெரியும். வெற்றுச் சுவரில் நாலு பசைத் தடம் இருந்தது. மேஜையில் ஜாடி இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம்.

வரிசை கலைந்திருக்கும் என்று நினைத்து நிமிர்ந்தாள். ஒருவரும் நகரவில்லை.

அடுத்த வெள்ளைச் சட்டை வந்து உட்கார்ந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவன். சிரித்தான், சொல்லிக்கொடுத்தபடியே.

"வணக்கம் மேடம். எனக்கு மனிதர்களைப் பிடிக்கும்." குரலைத் தாழ்த்திக் கேட்டான். "சைக்கிள் அங்கயே தருவீங்களா, இல்ல நாங்களே வாங்கிக்கணுமா?"