கோமதியின் இடது கை

தொடைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என் மகள் கோமதியின் இடது கை, மேசைமேல் வலது கை மட்டும், விரல்கள் மடங்கி, மணிக்கட்டு உள்ளே வளைந்து, பிறந்ததிலிருந்தே விரியாத கை, அதன் எதிரே ஒரு சிவப்பு மரக்கட்டை, எடுத்து இந்த டப்பாவில போடு கண்ணு, எந்தக் கைன்னாலும் சரி என்கிறார் ஆஸ்பத்திரியின் கைப்பயிற்சி மேடம், பிறகு என்னிடம், அம்மா, நீங்க பேசவும் கூடாது, கை நீட்டவும் கூடாது, அவளா என்ன செய்றான்னு பாக்கணும், தலையாட்டுகிறேன், ஏழு வருஷமாக அவளுக்குப் பொத்தான் போட்ட என் கைகள் மடியில் மரத்துக் கிடக்கின்றன, ஒரு கையாவது எழுத வரும்னு ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வாங்க, ஒண்ணாம் வகுப்புல சேர்த்துக்கிடுதேன் என்று பெரிய டீச்சர் சொன்னது நேற்றா, போன வாரமா, வலது கை கட்டையைத் தள்ளுகிறது, விழுகிறது, மேடம் எடுத்து வைக்கிறார், மறுபடி விழுகிறது, என்ன மகாராணி, என் கட்டை பிடிக்கலையா, கட்டை நல்லாத்தான் இருக்கு, அப்ப ஒளிச்சு வச்சிருக்கிற அந்தக் கையால எடேன், கோமதி உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்கிறாள், மேடத்தின் பேனா இரண்டு கைக்கும் பூஜ்யம் போடுகிறது, ஏன் கண்ணு, அந்தக் கை வலிக்குதா என்கிறார், வலிக்கல, பீச்சாங்கைய நீட்டுனா அம்மா ஏசுவா.

அன்று கோயிலில் குருக்கள் திருநீறு தருகிறார், அவள் இடது கையை நீட்டுகிறாள், சாமிகிட்ட பீச்சாங்கையவா நீட்டுவ என்று தட்டிவிடுகிறேன், வலது கையை விரல் விரலாகப் பிரித்து ஏந்துகிறேன், திருநீறு முழுக்கத் தரையில் கொட்டுகிறது, குருக்கள் இன்னொரு சிட்டிகை எடுத்து அவள் நெற்றியில் தாமே பூசிவிடுகிறார், அந்த மனுஷர் கண்ணுக்குப் பட்டது பெற்றவளுக்குப் படவில்லை, தட்டிவிட்டதைப் பக்தி என்றுதான் நினைத்திருந்தேன், மேடம், நான் ஒரு வார்த்தை பேசிக்கிடட்டா என்கிறேன், பேசுங்க, என் இடது கை மடியிலிருந்து எழுந்து மேசைமேல் மலர்கிறது, கோமு, கட்டைய இதுல வை, எம்மா, நீயே பீச்சாங்கைய நீட்டுத, ஆமாட்டி, சாமி ஏசாதா, ஏசாது, அம்மாதான் தெரியாம ஏசிட்டேன், தொடைக்கு அடியிலிருந்து அவள் இடது கை வெளியே வருகிறது, அழுந்தி, வரிவரியாகச் சிவந்து, கட்டையைப் பற்றி என் உள்ளங்கையில் வைக்கிறது, திரும்ப எடுக்கிறது, டப்பாவில் போடுகிறது, மேடம் பழைய தாளை ஓரமாக வைத்துவிட்டு, முதல்லேர்ந்து வருவோமா மகாராணி என்று புதுத் தாள் எடுக்கிறார், நான் நீட்டிய கையோடு அசையாமல் இருக்கிறேன், எம்மா, நீ கைய எடு, இடைஞ்சலா இருக்குல்லா.