பதினோராவது லினக்ஸ்

1

இந்தக் கதையைச் சொன்னவர் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினார். சிரித்துக்கொண்டே சொன்னார். பொன்னேரியில் இறங்கிவிட்டார், முடிவும் அவரோடு போயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 2006ஆம் ஆண்டுக் கோடையில், லினக்ஸ் என்னும் இயங்குதளம் தமிழகத்தின்

(இது கட்டுரை. விட்டுவிட்டேன்.)

2

ஃபயாஸ் இரும்பாலையில் எலெக்ட்ரீஷியன். ஆலை கழித்துப்போட்ட மூன்று கம்ப்யூட்டர்களை ஏலத்தில் எடுத்து வந்தான். மூன்றும் ஒரே மாதிரிச் சாம்பல் பெட்டி. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் ஒரு பெட்டியில் ஒரு வகை லினக்ஸை ஏற்றுவான். அடுத்த வெள்ளி அதை அழித்துவிட்டு வேறொன்று.

"பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்க மச்சான்," என்பாள் மனைவி உமைரா. "ஒண்ணையாவது முடிச்சிக்கினு வா."

"உன்னைப் பாக்காமயே முடிச்சேன். இதையாவது பாத்துக்கினு இருக்கேனே."

அவளுக்குத் தனிக் கம்ப்யூட்டர். அதில் அவளுடைய எம்.எட். ஆய்வு: பழவேற்காட்டில் பள்ளியை விட்ட பிள்ளைகளைப் பற்றி, நாற்பது வீடு ஏறி இறங்கி எழுதிய நாற்பத்தெட்டுப் பக்கம். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். தவறினால் ஓராண்டு போகும். பேசிவைத்த பள்ளி வேலையும் போகும்.

3

ஆலையில் உலை ஓடும்போது ஊரில் கரண்ட் ஏறி இறங்கும். புதன்கிழமை உமைராவின் கம்ப்யூட்டர் புகைந்தது. ஃபயாஸ் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, மூன்று பெட்டிகளில் ஒன்றில் மாட்டிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை, பதினோராவது லினக்ஸ். முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது. பத்து முறை ஆம் என்று அழுத்திய விரல் பதினோராவது முறையும் அழுத்தியது. அழிந்தது உமைராவின் டிஸ்க்.

(இரண்டே நாளில் மறப்பானா என்று கேட்பீர்கள். நானும் நம்பவில்லை. ஒரு வடிவில் அவனைக் காய்ச்சலில் படுக்கவைத்துப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. அவன் மறக்கவில்லை, இடது கோடியில் இருப்பது அவளுடையது என்று நினைவிருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்காக வியாழனே வீடு கழுவுகிறவள் அவள். பெட்டிகளைத் தூக்கி இடம் மாற்றி வைத்திருந்தாள்.)

4

முடிவு ஒன்று: பென் டிரைவில் நகல் இருந்தது.

(பொய். அந்த வீட்டில் பென் டிரைவ் இல்லை.)

முடிவு இரண்டு: அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டுகிறான். எல்லாம் திரும்பி வருகிறது. அவளுக்குத் தெரியவே

(எழுதிக் கிழித்தேன். அவளிடம் மறைக்க என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறான்.)

5

உமைரா டீயோடு வந்து நிற்கிறாள்.

"இன்னா மச்சான், மூஞ்சி பேஜாரா கீது? இதுவும் புடிக்கலயா?"

நாற்பது வீட்டுக் குறிப்புகள் கையெழுத்தில், பீரோவில் இருக்கின்றன. இன்றே இருவரும் உட்கார்ந்தால் திங்களுக்குள் தட்டி முடிக்கலாம். நாளை என்றால் முடியாது.

அவன் வாயில் இரண்டு வாக்கியங்கள். "பொட்டிய யாரு நகத்துனது?" என்பது ஒன்று. "உன்னோடத அழிச்சிட்டேன்" என்பது மற்றது. இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எது முதலில் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நீங்கள் யாரோடாவது குடும்பம் நடத்தியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுங்கள்.