கிதாரைக் கவ்விய அறுபத்திரண்டு கிளிப்புகள்

வீட்டில் இருந்த அறுபத்திரண்டு துணிக் கிளிப்புகளும் கிதாரின் விளிம்பைக் கவ்விக்கொண்டிருந்தன. முந்தின நாள் சாயங்காலம் கிதார் செய்பவர் அவற்றை மாடிக் கொடியிலிருந்து கேட்காமல்தான் எடுத்து வந்திருந்தார். கேட்டால் கிடைக்காது என்று தெரியுமளவுக்கு அவருக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஆகியிருந்தன.

கிதாரின் பக்கப் பலகைகள் அட்டை மாதிரி மெல்லியவை. உள்விளிம்பில் சுற்றிலும் ஒரு மரப்பட்டியை ஒட்டி, விரல் அகலத்துக்கு ஒரு கிளிப் போட்டு இறுக்கினால்தான் முதுகுப் பலகை உட்கார இடம் கிடைக்கும். பட்டி எங்காவது ஒட்டாமல் விட்டால், கிதார் பாடும்போது கூடவே ஒரு வண்டும் பாடும். போன தடவை பாடியது. வாங்கிப்போன இசை டீச்சர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னொண்ணு செய்ங்க. இதுதான் கடைசி" என்றார். அந்த இன்னொன்றின் முதுகை இன்றைக்கு மூடவேண்டும்.

மனைவி துவைத்த ஈரச் சீருடையைக் கையில் பிடித்தபடி பட்டறைக்குள் வந்தாள். நர்ஸ்; மதியம் டியூட்டி.

"ஏங்க, மாடியில காத்து ஆளையே தூக்குது. கிளிப்பெல்லாம் எங்க?"

"கொஞ்சம் பொறும்மா. பசை காயணும்."

"ராத்திரி முழுக்க என்ன பண்ணுச்சு, தூங்குச்சா?"

"ஒண்ணக்கூடத் தொடாத..."

அதற்குள் இடுப்பு வளைவிலிருந்து நாலைப் பிடுங்கிவிட்டாள். அந்த இடத்தில் பட்டி பலகையை விட்டு விலகி நின்றது. அடியில் பசையின் வாடைகூட இல்லை.

"ஐயோ, உடைச்சிட்டேனா?"

அவருக்கு நினைவு வந்தது. பசை தடவிக்கொண்டிருந்தபோது டீச்சர் போன் செய்திருந்தார். 'இந்தத் தடவை ஒரு குறையும் இருக்காது' என்று இவர் நீட்டி முழக்கிவிட்டு, பசையை விட்ட இடத்துக்கு நாலு விரல் தள்ளித் தொடங்கியிருக்கிறார்.

"நீ உடைக்கல. காப்பாத்திட்ட" என்றார். பிறகு சின்னக் குரலில், "அந்த நாலும் திரும்ப வேணும்மா."

கிளிப்பைக் கொடுத்தவள் சீருடையையும் அவர் தோளில் போட்டாள். "மத்ததை நான் பாத்துக்கறேன். உங்க கையை நம்ப முடியாது."

பசை தடவி, கிளிப்பை மாட்டிவிட்டு, அவர் மாடியில் சீருடையின் இரண்டு தோள்களையும் பிடித்தபடி நின்றார்.

"என்ன சார், துணி காயப்போடறீங்களா?" என்றார் எதிர்மாடிக்காரர்.

"இல்ல சார். கிளிப்பா இருக்கேன்."

அரைமணி கழித்து மனைவி மடி நிறையக் கிளிப்போடு படியேறி வந்தாள். "அந்த நாலை விட்டுட்டு, மத்ததை ஒவ்வொண்ணா எடுத்து நகத்தால நெம்பிப் பாத்துட்டேன். எல்லாம் கெட்டியா இருக்கு."

அவர் மூச்சு விட்டார். "அப்ப வண்டு வராது. சரி, ரெண்டு கிளிப் கொடு."

அவள் நிழல் பார்த்து உட்கார்ந்தாள்.

"இருங்க. நல்லாத்தானே காயுது."