இறக்காத கை

என் மண்டைக்குள் ஒரு கட்டி. வலக் கையை ஆட்டுவிக்கும் இடத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, காலி பண்ண மாட்டேன் என்கிற குடித்தனக்காரன் மாதிரி அடம்பிடிக்கிறது. கைக்கான இடம் எதுவரை என்று படத்தில் தெரியாமல் கத்தி வைத்தால், கை விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருஷமாகக் கிரேனுக்குக் கைச்சாடை காட்டிப் பிழைக்கிறவன் இந்த லூயிஸ். கை போனால் சோறு போச்சு.

ஸ்கேன் எடுக்கும் சாபிரா வண்ணாரப்பேட்டைப் பெண். குழாய்க்குள் தள்ளிவிட்டுக் காதில் பேசினாள். ‘ஆரம்பி’ என்றால் விரல்களை மடக்கி விரிக்க வேண்டும். ‘ஓய்வு’ என்றால் கை சும்மா கிடக்க வேண்டும். ஆட்டும்போது எரிந்து, ஓயும்போது அணைகிற இடம்தான் படத்தில் கைக்கான இடம். பச்சைப்பிள்ளைகூடச் செய்துவிடும். என்னால் முடியவில்லை.

"இன்னா அண்ணே, ஓய்வுலயும் படத்துல அந்த எடம் எரிஞ்சிகினே கீது. கைய ஆட்றீங்களா?"

"சத்தியமா ஆட்டலம்மா."

"ஆமா, கேமராவுல பாத்தேன், அசையல. அப்ப மனசுல இன்னா பண்றீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. என் மனசு, என்னவோ பண்ணுவேன், இவளுக்கென்ன? ஆனால் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். உள்ளுக்குள் முஷ்டியைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன், திருவொற்றியூர் பக்கம் ஒரு யார்டு. கிரேனில் இரும்புச் சுருள் தொங்குகிறது. அது உட்காருவதற்குக் கீழே மதார் சாகிப் கட்டை அடுக்குகிறார். என் முஷ்டி மேலே இருக்கும்வரை பாரம் அசையாது, இறங்கினால் இறங்கும். எனக்கும் கிரேன்காரனுக்கும் அதுதான் பேச்சு. கண்ணில் வியர்வை வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தேன். சுருள் இறங்கிவிட்டது. இடக் கை எதுக்கடா இருக்கிறது, சனியனே! பாய் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. விசாரணையில் கிரேன் பிரேக் கோளாறு என்று எழுதினார்கள். நானும் மண்டையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து உள்ளே அந்தக் கையை நான் இறக்கவே இல்லை. இறக்காதவரை பாய் கீழே கட்டை அடுக்கிக்கொண்டிருப்பார்.

"கடைசி தபா அண்ணே," என்றாள் சாபிரா. "இதுவும் சரியா வரலன்னா கைக்கு கேரண்டி இல்லன்றாரு டாக்டரு."

குழாய் டமடமவென்று இரைந்தது. ‘ஓய்வு’ என்றாள். பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தள்ளிக்கோ பாய், தள்ளிக்கோ என்று கெஞ்சினேன். அவர் தள்ளிக்கொள்ளவில்லை.

கையை இறக்கினேன்.

வெளியே இழுத்ததும் சாபிரா சிரித்தாள். "சூப்பர் அண்ணே! ஆறு ஓய்வு, ஆறு தபாவும் சுத்தமா அணைஞ்சிச்சு. கை பொழச்சிக்கும்."

ஆறு தடவை பாய்மேல் பாரத்தை இறக்கியிருக்கிறேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவள் தண்ணீர் கொடுத்தாள். வலக் கையால்தான் வாங்கிக் குடித்தேன்.