நாங்கன்னா யாரு?

நாங்க என்றா சொன்னாள், இல்லை, நான் என்றுதான் சொல்லியிருப்பாள், காற்று இரைச்சலில் அவர் காதில் அப்படி விழுந்திருக்கும்... ஆனால் கணவர் தெளிவாகத்தான் கேட்டார், "நாங்க நல்லா இருக்கோம்ங்கிற, நாங்கன்னா யாரு? யாரு கூட இருக்க?" அதோடு டவர் போய்விட்டது. கணவாய்க்குக் கீழே இந்தக் கல்மேட்டுப் பக்கம் மட்டும்தான் போன் எடுக்கும், அதுவும் அதற்கு மனசிருந்தால். கையுறையைக் கழற்றித் திரையைத் தட்டினாள், விரல்தான் மரத்துப்போனது. யார் கூட இருக்கிறாள்? ஈ காக்கா கிடையாது. முந்தாநாளிலிருந்து ஒரு மனித முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்றுதானே இந்தப் பாதையைக் கேட்டு வாங்கினாள். மலையேற்ற அலுவலகத்துக்காரர் முதலில் வேறு பாதையின் படத்தைத்தான் காட்டினார், வழி நெடுக டீக்கடை, மூட்டை முடிச்சோடு எறும்பு வரிசையாக ஜனம். கூட்டமே இல்லாத பாதை கிடையாதா என்றாள். "இருக்கு, துணைக்கு ஆள் கிடைக்காது. தனியாவா போறீங்க?" "தனியாத்தான்." எவ்வளவு ருசியாகச் சொன்னாள் அந்த வார்த்தையை. "மேல காத்து கம்மி. தலை கனத்தா யோசிக்காம இறங்கிடுங்க" என்றார் அவர். தலை கனக்கிறதா? தெரியவில்லை, கம்பளிக் குல்லாய் கனமாகவும் இருக்கலாம்.

தொழில் பழக்கம், வேறென்ன. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு புகார் கேட்கிற பிழைப்பு, நாங்கள் மிகவும் வருந்துகிறோம், நாங்கள் ஆள் அனுப்புகிறோம்... எவர் வீட்டு வாஷிங் மெஷினோ படுத்துக்கொண்டதற்கு இவள் ஒருத்தி என்ன வருந்துவது, கம்பெனியே இவள் வாய்க்குள் உட்கார்ந்து பேசும். வீட்டுக்கு வந்தால் அங்கே 'நாம'. நாம சோபா மாத்தலாம், நாம ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறோம், நமக்குக் காரம் ஒத்துக்காது. அவளுக்குக் காரம் உயிர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லையே, கெட்டவராக இருந்தால் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வெளியேறலாம். அதனால் சொல்லாமல் வெளியேறுகிறாள். கணவாயைத் தாண்டினால் மறுபக்கத்து ஊரில் தோழி அறை பார்த்து வைத்திருக்கிறாள், ஒற்றைக் கட்டில், ஒற்றை ஜன்னல். அவருக்குத் தெரியாது, மலையேறிவிட்டுத் திரும்பிவிடுவாள் என்றுதான் நினைப்பு. தெரியாதா? கிளம்பும்போது, "போறேன்" என்றாள். பையைத் தூக்கிக் கொடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "போயிட்டு வரேன்னு சொல்லு." சிரித்து மழுப்பினாள். லிஃப்ட் கதவு மூடும்வரை அந்த ஒரு சொல்லுக்காக நின்றார் மனுஷன்.

சரி, தொழில் பழக்கம் என்றே வை. ஆனால் கம்பெனியின் 'நாங்கள்' இப்படி நாக்கில் குழையாதே... நாங்க நல்லா இருக்கோம், இதில் அவர் இல்லை, அவரைத் தள்ளி வைத்துவிட்டு வேறு யாரையோ பக்கத்தில் சேர்த்துக்கொண்ட பேச்சு இது. யாரை? காலையில் கூடாரத்துக்குள், "கிளம்பலாமா?" என்று கேட்டுவிட்டுத்தானே பையைக் கட்டினாள்? நேற்று அத்தனை பெரிய பாறையில் ஏன் ஒடுங்கி ஓரமாக உட்கார்ந்தாள்? அட, தனியாக இருப்பவர்கள் தனக்குத்தானே பேசிக்கொள்ள மாட்டார்களா, பைத்தியமே. திரும்பிப் பார்த்தாள். ஏறி வந்த சரிவு பனியில் வெறிச்சென்று கிடந்தது, ஒரே ஒரு தடம், அவளுடைய பூட்ஸ் தடம், வேறு எதுவும் இல்லை. அப்பாடா... மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. இரண்டு பேர் கைகோத்து நடக்கலாம் அந்தப் பாதையில். அவள் தடமோ அடியிலிருந்து நுனிவரை பள்ளத்தை ஒட்டியே வந்திருந்தது. மலைப்பக்கம் முழுக்கக் காலியாக விட்டிருந்தாள். கால் இடறினால் எலும்பு தேறாத பள்ளம்.

அலுவலகத்துக்காரர் சொன்னது சரி, யோசிக்கக் கூடாது, இறங்கிவிட வேண்டும், தோழியிடம் அப்புறம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், சப்பென்ற சாப்பாடும் புதுச் சோபாவும் இருந்துவிட்டுப் போகட்டும், அந்த 'நாம'வில் கூட இருப்பது யார் என்றாவது தெரியும்... பையை மாட்டினாள். "நான் இறங்குறேன்" என்றாள் உரக்க, 'நானை' நன்றாக அழுத்தி. சொன்னது யாரிடம் என்று யோசிக்காமல் நடந்தாள். இந்த முறை மலையை ஒட்டியே, தோள் பாறையில் உரச உரச. வளைவு வந்ததும், வாசற்படி தாண்டுகிறவர்கள் திரும்புவதுபோல் கழுத்து தானாகத் திரும்பியது. மேலே கல்மேடு, வெள்ளை வானம், ஒன்றுமில்லை.

"போயிட்டு வரேன்."

அவள் குரல்தான். இத்தனை இதமாக அவள் யாரிடமும் பேசிப் பல வருஷம் ஆகிறது, அவரிடம் தரமாட்டேன் என்று லிஃப்ட் வரை இறுக்கி வைத்திருந்த சொல், கேட்காமலேயே இங்கே விழுந்துவிட்டது... பாக்கெட்டில் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. எடுக்கவில்லை. வரேன் என்று சொன்னால், 'சரி, போயிட்டு வா' என்று ஒரு குரல் வர வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டுதானே யாரும் படி இறங்குவார்கள்... கால் நகரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, அவர் லிஃப்ட்டுக்கு வெளியே நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தாள்.