எட்டாவது ரவுண்டு மணி

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இடக்கையின் சலவைக் கடையில் ஷட்டர் பாதி இறங்கும். அதற்குப் பிறகு உள்ளே துவைபடுவது துணி அல்ல, உலகத்துக் குத்துச்சண்டை வீரர்களின் மானம்.

நாங்கள் நான்கு பேர். கடை முதலாளி இடக்கை. ஒரு காலத்தில் ரிங்குக்குள் இடது கையை வைத்துப் பிழைத்தவர், இப்போது அதே கையால் இஸ்திரி போடுகிறார். கணக்கு வாத்தியார் எதைச் சொன்னாலும் நூற்றுக்கு இத்தனை என்று சொல்வார். மருந்துக்கடைக்காரர் வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூட அடித்ததில்லை, ஆனால் பேச ஆரம்பித்தால் குறைந்தது இரண்டு பேரை நாக்அவுட் செய்யாமல் ஓயமாட்டார். நான்காவது ஆள் நான். முப்பத்தெட்டு வருடம் தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். குத்திய குத்துக்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் எந்தச் சாம்பியனும் என் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். மாலை வேளைகளில் குத்துச்சண்டை அரங்கில் மணி அடிக்கும் வேலையும் பார்த்தேன். கையில் ஸ்டாப்வாட்ச்சும் சின்னச் சுத்தியலுமாக ரிங்கை ஒட்டி உட்கார வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் ஓர் அடி அடிக்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் நான் மணிக்காரன்.

கடைக்குள் நீராவி இஸ்திரி மெஷினின் சூடு மாலைவரை அடங்காது. சுவரில் ஓடும் பல்லி வெந்து கீழே விழும். நானே ஏழு பல்லி பார்த்திருக்கிறேன். சரி, ஒன்று. அந்தச் சூட்டில் கம்பியில் தொங்கும் வாடிக்கையாளர்களின் கோட்டுகள்தான் எங்கள் வீரர்கள். விலாவில் எப்படி விழுந்தது, தாடையில் எப்படி விழுந்தது என்பதையெல்லாம் அவற்றின் மீதுதான் செய்து காட்டுவோம். ஒருமுறை ஒரு வக்கீலின் கோட்டுக்கு மருந்துக்கடைக்காரர் விட்ட குத்தில், உள்பையில் மறந்து வைத்திருந்த மூக்குக்கண்ணாடி உயிரை விட்டது.

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"எந்தக் காலத்துக்கும் பெரிய சண்டை ரெட்டை விழுகைதான்யா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விழுந்தாங்க. யாருக்கு எண்ணுறதுன்னு தெரியாம ரெஃப்ரி முழிச்சான் பாரு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒத்தப்படை நம்பரை ஒருத்தனுக்கும் ரெட்டப்படையை இன்னொருத்தனுக்கும் எண்ணினான்," என்றேன் நான்.

"நீ பார்த்தியா?"

"பக்கத்துலயே இருந்தேன். அவன் எட்டுன்னு சொன்னப்போ எச்சில் என் மேல பட்டுச்சு."

"அந்தச் சண்டை நடந்தப்போ உனக்கு நாலு வயசு," என்றார் வாத்தியார்.

"நாலு வயசுப் பிள்ளை மேல எச்சில் படாதா?"

பேச்சு பழசிலிருந்து வரப்போவதற்குத் தாவியது. அடுத்த வருடம் பூனையும் சம்மட்டியும் மோதினால் யார் ஜெயிப்பது? பூனை என்பவன் அடி வாங்காமல் நழுவுவதில் மன்னன். சம்மட்டி ஒரே அடியில் கதையை முடிப்பவன். சம்மட்டிக்கு ஆறாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்கும், பூனைக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு வாய்ப்பு என்றார் வாத்தியார். அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று மருந்துக்கடைக்காரர் சண்டைக்குப் போனார். இடக்கை தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டே, "எவன் மோதி என்ன. மணி அடிக்கிறவன் மனசு வைக்கணும்ல," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிறார்கள்.

விஷயம் இதுதான். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இடக்கையும் மலை என்ற ஒரு பிரம்மாண்டமும் பத்து ரவுண்டு மோதினார்கள். மலை ரிங்கில் ஏறினால் எதிர்ப்பக்கம் தரையைவிட்டுக் கிளம்பும். எட்டாவது ரவுண்டின் கடைசியில் இடக்கையின் இடது கை மலையின் தாடையில் இறங்கியது. மலை கயிற்றில் சாய்ந்து ஈரத் துணிபோலத் தொங்கியது. இன்னும் ஓர் அடி போதும். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மலை பிழைத்துக்கொண்டது, ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. இடக்கை கையுறையைக் கழற்றி வீசிவிட்டுச் சலவைக் கடை போட்டார். அரங்கப் பக்கம் அதன்பிறகு தலைவைத்துப் படுக்கவில்லை. 'மணிக்காரன் சீக்கிரமா அடிச்சுட்டான்' என்பது அவருடைய தீர்ப்பு. என்னை அடிக்கவில்லை, கடைக்கு வராதே என்றும் சொல்லவில்லை. எதிரி கண்ணெதிரில் இருப்பதே நல்லது என்று நினைத்தாரோ என்னவோ. ஆனால் என் சட்டை எது சலவைக்குப் போனாலும் மூன்றாவது பித்தான் இல்லாமல்தான் திரும்பி வரும். முப்பத்தொரு வருடமாக என் நெஞ்சுக்கு நல்ல காற்றோட்டம்.

அப்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து இடக்கையின் மகள் உள்ளே வந்தாள். லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவள், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அவளும் குத்துச்சண்டைக்காரி. ஐந்து போட்டியில் மூன்று ஜெயித்திருக்கிறாள். அப்பா ஒன்றைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை. அவள் சண்டைக்குப் போட்டுப்போகும் அங்கியைத் துவைத்து மடிப்புக் கலையாமல் கொடுத்தனுப்புவதோடு சரி. மறுநாள் மாலை ஆறாவது போட்டி. எதிராளி ஒரு பேக்கரிக்காரி, மாவு பிசைந்த தோள், ஒரு போட்டியிலும் தோற்காதவள்.

"அப்பா, ரிங் மூலையில எனக்குத் துணையா ரெண்டு பேர் நிக்கலாம். கோச் ஒருத்தர். இன்னொரு இடம் காலியாதான் இருக்கு. நீங்க வரணும்."

"வரமாட்டேன்னு அஞ்சு தடவை சொல்லிட்டேன்மா. ஏமாத்துற இடம் அது."

"ஏமாத்தலைன்னு தெரிஞ்சா வருவீங்களா?"

அவள் போனை எடுத்துக் கடை டி.வி.யோடு இணைத்தாள். மலையின் மருமகன் யாரோ பழைய வீடியோ டேப்பைத் தூசி தட்டி இணையத்தில் போட்டிருக்கிறான். பத்து ரவுண்டும் முழுசாக இருக்கிறது.

"எட்டாவது ரவுண்டை வாத்தியார் மாமா வாட்ச் வச்சுப் பார்க்கட்டும். மூணு நிமிஷத்துக்கு ஒரு செகண்டு குறைஞ்சாலும் இனிமே உங்களைக் கூப்பிடவே மாட்டேன். குறையலைன்னா நாளைக்கு நீங்க என் மூலையில நிக்கணும்."

இடக்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "போடு," என்றார்.

இதுவரை நான் சொன்னதில் பாதியை நீங்கள் தள்ளுபடி செய்துகொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இனி சொல்லப்போவதில் மட்டும் ஒரு நூல்கூடக் கூட்டவில்லை. அன்றைக்கு நான் மணியைச் சீக்கிரம் அடிக்கவில்லை. தாமதமாக அடித்தேன். ஒன்பது விநாடி தாமதம். மணி அடித்துவிட்டு வாட்ச்சைப் பார்த்தபோது முள் ஒன்பதில் நின்றிருந்தது.

சண்டை முடிந்ததும் அதைச் சொல்லத்தான் உடைமாற்றும் அறைக்குப் போனேன். இடக்கை பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டே செகண்டு குடுத்திருந்தா முடிச்சிருப்பேனே," என்று அழுதுகொண்டிருந்தார். அந்த ஆளிடம் போய், உனக்கு ஒன்பது விநாடி இனாமாகக் கிடைத்தது, அதிலும் உன்னால் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? என் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. பழியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். போகப்போக வில்லனாக இருப்பது பழகிவிட்டது, அதில் ஒரு மரியாதைகூட இருந்தது. ஆனால் அந்தப் பொய்தான் இடக்கையை இத்தனை வருடம் மகளின் மூலைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்பது மகள் போனை எடுத்தபோதுதான் உறைத்தது. டேப் ஓடினால் மகள் ஜெயிப்பாள். அப்பா உடைந்துபோவார்.

"கரண்டு போயிடும் போல இருக்கே," என்று சொல்லிக்கொண்டே பிளக் பக்கம் நகர்ந்தேன்.

"மணி மாமா, உக்காருங்க," என்றாள் மகள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரல். உட்கார்ந்தேன்.

எட்டாவது ரவுண்டு தொடங்கியது. வாத்தியார் வாட்ச்சை அழுத்தினார். படத்தில் கொஞ்சம் மழை பெய்தது, ஆனால் ஆட்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். இளவயது இடக்கை சுற்றிச் சுற்றி வந்தார். மருந்துக்கடைக்காரர் மூச்சுவிட மறந்து நீலமானார். பெட்டியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் குத்து விழுந்தது. மலை கயிற்றில் சாய்ந்தது.

"மூணு நிமிஷம்," என்றார் வாத்தியார்.

மணி அடிக்கவில்லை.

இடக்கை குத்துகிறார், மலை தொங்குகிறது, கட்டிப்பிடிக்கிறது, உதறினால் மறுபடி கட்டிப்பிடிக்கிறது. வாத்தியார் தாழ்ந்த குரலில் எண்ணிக்கொண்டே போனார். நான்கு. ஐந்து. ஆறு. அப்போது கேமரா லேசாகத் திரும்பியது. திரையின் ஓரத்தில் மணி மேஜை தெரிந்தது. மேஜைக்குப் பின்னால், மேஜைக்கு மேலேயே என்று சொல்ல வேண்டும், நாற்காலியில் ஏறி ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஒல்லி, நிறைய முடி. ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், அதைப் பார்க்கவே இல்லை. மறு கையில் சுத்தியல். வாயை அகலத் திறந்து, சுத்தியலைப் பிடித்த கையால் காற்றில் இடது குத்தாகக் குத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்ததும் குதித்து இறங்கி மணியை அடித்தான்.

"ஒன்பது. மூணு நிமிஷம் ஒன்பது செகண்டு," என்றார் வாத்தியார். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் ஒன்பதுதான். மூன்று தடவையும் நான் நாற்காலியில் ஏறினேன்.

மகள்கூட ஜெயித்த முகமாக இல்லை. இடக்கை திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நாலாவது தடவை போடு. அந்தக் கடைசி மட்டும்."

போட்டாள். அவர் தன்னைப் பார்க்கவில்லை. மலையைத்தான் பார்த்தார்.

"விழவே இல்லை பாரு அவன்," என்றார். "இருந்த எல்லாத்தையும் குடுத்துட்டேன். அப்பவும் விழலை. எப்படிப்பட்ட ஆளுய்யா." பிறகு விரலால் திரையின் ஓரத்தைத் தொட்டார். "இந்தக் கோமாளி யாரு?"

"நான்தான்."

"என்னய்யா பண்ற அங்க?"

"அடி, அடின்னு கத்துறேன்."

"யாரைப் பார்த்து?"

"உன்னைப் பார்த்துதான்யா. மலையைப் பார்த்தா கத்துவேன்?"

"மணி அடிக்கிறவன் கட்சி சேரலாமா?"

"கூடாதுதான். அந்தச் சண்டைக்கு முன்னாடியே நாலு வருஷமா நான் உன் கட்சி."

இடக்கையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து மகள் எழுந்தாள். சிரிப்பு. முதலில் மூக்கு வழியாக வந்தது, அப்புறம் வயிற்றிலிருந்து வந்தது. மருந்துக்கடைக்காரருக்குத் தொற்றியது, வாத்தியாருக்குத் தொற்றியது. பிறகு கடை அதிர்ந்து கோட்டுகள் கம்பியிலிருந்து விழுந்தன. சரி, ஒரு கோட்டு விழுந்தது.

"ஒன்பது செகண்டு," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்காக ஒன்பது செகண்டு திருடியிருக்க. நான் உன் பித்தானைத் திருடிக்கிட்டு இருந்தேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"அப்போ சொல்லியிருந்தா உன்னைக் கொன்னிருப்பேன். அதுக்கு அடுத்த வருஷம் சொல்லியிருக்கலாம்." சிரிப்பு நின்றுவிட்டது. அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பிறகு மகளைப் பார்த்தார். "பேக்கரிக்காரி எந்தக் கை?"

"வலது கைப்பா. குத்துறதுக்கு முன்னாடி இடது காலைத் தரையில தட்டுறா."

"தட்டுறாளா? எந்த ரவுண்டுல? வீடியோ இருக்கா?"

இருந்தது. நாங்கள் மூன்று பேரும் மெதுவாக ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்துவிட்டோம். ஒரு மணி நேரம் கழித்து நான் மறந்துவைத்த குடையை எடுக்கப் போனபோது, கோட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அப்பாவும் மகளும் நடுவில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அவர் காலைத் தட்டினார், அவள் நழுவினாள்.

மறுநாள் காலை கடைப் பையன் இல்லாததால் இடக்கையே என் வீட்டுக்குச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாவது பித்தான் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை, அது மட்டும் நல்ல சிவப்பு, எந்தப் பெண்மணியின் கோட்டிலிருந்து வந்ததோ. "சாயந்திரம் இதைத்தான் போட்டுக்கிட்டு வரணும்," என்றார். "இன்னொண்ணு. மணி மேஜையிலேர்ந்து இருபது அடி தள்ளி உக்காரணும்."

இருபத்தைந்து அடி தள்ளியே உட்கார்ந்தேன். ஒரு பக்கம் வாத்தியார், மறு பக்கம் மருந்துக்கடைக்காரர், இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அரங்கில் ஒரு லட்சம் பேர். முந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் கயிற்றுக்குள் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் வாளியும் துண்டுமாக இடக்கை வந்தார். ரிங்கின் படி பக்கத்தில் ஒரு கணம் நின்றார், கீழ்க் கயிற்றை இடது கையால் தொட்டுப் பார்த்தார், பிறகு ஏறினார். தோளில் கிடந்த துண்டு கத்திபோல மடிப்போடு இருந்தது. வியர்வை துடைக்கிற துண்டுக்கு இஸ்திரி போட்ட முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

நான்கு ரவுண்டு போட்டி, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். முதல் ரவுண்டில் பேக்கரிக்காரி தட்டிவிட்டு அடித்தாள், அடி பட்டது. மறுபடி தட்டினாள், அதுவும் பட்டது. மூன்றாவது தடவை தட்டியபோது அவள் குத்து போன இடத்தில் எங்கள் பெண் இல்லை. அவளுடைய இடது கை மட்டும் எங்கிருந்தோ வந்து இறங்கியது. என் பக்கத்து ஆட்கள் இருவரும் என் கையை விட்டுவிட்டு எழுந்தார்கள். எனக்கு எப்படியோ நாற்காலி காலுக்கு அடியில் வந்திருந்தது.

மணி அடித்தது. வாத்தியார் வாட்ச்சைப் பார்த்து, "சரியா ரெண்டு நிமிஷம்," என்றார்.

மூலையில் மகள் உட்கார்ந்தாள். இடக்கை துண்டை உதறி அவள் முகத்தைத் துடைத்தார், காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் பல்கவசம் தெரியச் சிரித்தாள். பிறகு அவர் கூட்டத்துக்குள் தேடி, நாற்காலி மேல் நின்ற என்னைக் கண்டுபிடித்தார். இறங்கு என்று கை காட்டுவார் என்று நினைத்தேன்.

அப்படியே நில் என்று காட்டினார்.