மூன்று நிறத் தையல்

“கொடுக்க மனசில்லைன்னா மனசில்லைன்னு சொல்லு. அதுக்காக பேன்ட்டைப் பிடிச்சுத் தைச்சு வைக்கறதா?”

“நான் எதுக்குக்கா பிடிக்கணும்?”

“அதைத்தானே நானும் கேக்கறேன்!”

அக்கா என் அறைக் கண்ணாடிக்கு முன்னால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். கருநீலக் கோட்டு அவளுக்குச் சரியாக இருந்தது. அதற்கு ஜோடியான பேன்ட்டு மட்டும் இடுப்பில் மூன்று விரல் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. கொக்கி ஒரு பக்கமும் வளையம் இன்னொரு பக்கமுமாக, சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

அந்த உடுப்பு எங்கள் இருவருக்கும் பொது. ஐந்து வருடங்களுக்கு முன்னால் சேர்ந்து வாங்கினோம். அக்காவுக்கும் எனக்கும் அப்போது ஒரே அளவு. யாருக்கு நேர்காணலோ அவள் கோட்டும் பேன்ட்டுமாகப் போட்டுக்கொண்டு போவாள். மற்ற நாட்களில் பேன்ட்டு என்னுடையது. நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் உட்காருகிறவளுக்கு அதைப்போல வசதியானது வேறில்லை.

“நீதான் குண்டாயிட்ட” என்றேன்.

“நானா? போன மாசம் புதுசா ஒண்ணு வாங்கினேன், அதே பழைய சைஸு. உங்க அத்தான்கூட சொன்னார், நீ அப்படியே இருக்கேன்னு.”

“அத்தானுக்கு உயிர் மேல ஆசை. வேற என்ன சொல்வார்?”

சிரித்ததில் அவள் இழுத்துப் பிடித்திருந்த மூச்சு போய்விட்டது. பேன்ட்டைக் கழற்றி என் கட்டில்மேல் போட்டாள். “பிரிச்சு விடு. நாளைக்குப் பதினொரு மணிக்கு இன்டர்வியூ. படுத்துக்கிட்டே பிரிக்கலாமே, கையிலயா வலி?”

வலி கையில் இல்லை. வலது பக்கம், தொப்புளுக்குக் கீழே நாலு விரல் தள்ளி. அன்று சாயங்காலம் நான் முழங்காலை மடக்கி, ஒரு துண்டுத் துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி அந்த இடத்தில் வைத்துப் படுத்திருந்தேன். கடையிலும் இப்படித்தான். பின்பக்கத்து அறையில் நாலு மிஷின், ஒரு இஸ்திரி மேஜை. வலி வந்தால் இஸ்திரிக்காரர் கேட்காமலேயே ஒரு துணியைச் சூடாக்கி மடித்து நீட்டுவார். அதை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த உருப்படியை எடுப்பேன்.

ஒன்றரை வருடமாக இதுதான் வாழ்க்கை. எதைச் சாப்பிட்டாலும் ஒரு மணி நேரத்தில் வயிறு மத்தளம் மாதிரி உப்பும். பிறகு ஓட வேண்டும். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் பஸ் நிற்கிற பதினோரு இடங்களில் எந்த மூன்றில் கழிப்பறை உண்டு, அதில் எது காலையில் பூட்டியிருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, வெந்நீர் என்று சாப்பாடு சுருங்கிவிட்டது. வலியைக்கூடச் சமாளித்துவிடலாம். சோர்வுதான் பெரிய சங்கடம். தூங்கி எழுந்தால் தூங்காதது போல இருக்கும். தலை சீவ ஆரம்பித்துப் பாதியில் கையை இறக்கி வைத்துவிட்டு, யாரோ வந்து மீதியைச் சீவிவிடுவார்கள் என்பதுபோலச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

நாலு டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ரத்தம் நார்மல். ஸ்கேன் நார்மல். நார்மல் என்று கேட்டதும் மற்றவர்கள் நிம்மதியடைகிறார்கள். நான் இரண்டாவது தடவை கேட்டபோது மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “ஒண்ணுமில்லைன்னு சொன்னதுக்கு அழற ஒரே ஆள் நீதான்டி.” எல்லாம் என் மனப்பிரமைதான் என்று அன்றிலிருந்து அவள் மனதில் ஒரு முடிவு விழுந்துவிட்டது. கெட்ட எண்ணமில்லை. யோசிக்காதே, நட, வெளியே போ, போனில் நோய்களைத் தேடாதே என்பாள். என் முகம் வேறு எங்கள் வீட்டு முகம், உருண்டை. எதற்கும் இளைக்காது.

அன்று காலைதான் ஐந்தாவது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த பத்து நிமிடம். இளம் வயது டாக்டர். நான் சொன்னதை ஒன்றுவிடாமல் கேட்டார். எடை மெஷினில் ஏறச் சொன்னார். நாற்பத்தாறு கிலோ.

“முன்னாடி எவ்வளவு இருந்தீங்க?”

தெரியாது. வீட்டில் எடை மெஷின் கிடையாது. முந்தைய நால்வரும் என் ரத்தத்தையும் படத்தையும் பார்த்தார்களே தவிர, என்னை ஏற்றி நிறுத்தவில்லை.

“சரி, துணியெல்லாம் லூஸ் ஆகியிருக்கா? பேன்ட், பாவாடை ஏதாவது?”

“இல்லை டாக்டர். எல்லாம் கச்சிதமா இருக்கு.”

அவர் எதையோ எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்: “எடை குறைஞ்சிருந்தா இன்னைக்கே கேமரா டெஸ்டுக்கு எழுதியிருப்பேன். குடலுக்குள்ளே குழாய் விட்டுப் பாக்கறது. இப்போதைக்கு அவசரமில்லைன்னு தோணுது. மனசுல பதட்டம் இருந்தாலும் வயிறு இப்படிப் பண்ணும். மாத்திரை தரேன், மூணு மாசம் கழிச்சு வாங்க.”

இன்னும் மூன்று மாதம். படிக்கட்டில் இறங்கும்போது இந்தத் தடவை அழக்கூடத் தெம்பில்லை.

“என்ன யோசனை? பிரி” என்றாள் அக்கா.

எழுந்து உட்கார்ந்தேன். பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, இடுப்பின் பின்தையலை மடியில் விரித்தேன். பிளேடால் ஒரு நூலை அறுத்து இழுத்தேன். நூல் பச்சையாக வந்தது.

கருநீலப் பேன்ட்டில் பச்சை நூல். கடையில் யாராவது கஸ்டமருக்கு இப்படித் தைத்திருந்தால் மாஸ்டர் அந்த நாள் முழுக்க வாய் வலிக்கத் திட்டியிருப்பார். யார் தைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. ஆரம்பத்திலும் முடிவிலும் மூன்று தடவை திருப்பி ஓட்டுவது என் பழக்கம். அது என் கைதான்.

“பாத்தியா! நீயே பிடிச்சிருக்க!” அக்கா கையைத் தட்டினாள்.

“இரு.”

பச்சைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை ஓடியது, கறுப்பு நூலில். அதைத் தாண்டி இன்னொன்று, சரியான கருநீலத்தில். கடைசியாக ஓரத்தில், வாங்கும்போதே இருந்த பழைய தையல். நான் எதையும் பிரிக்காமல் ஒன்றுக்குள் ஒன்றாகத் தைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். சொந்தத் துணிதானே என்ற அலட்சியம்.

நினைவு மெதுவாக வந்தது. பச்சை நூல், காவலாளிகளின் சீருடை வந்தபோது மிஷினில் கோத்திருந்தது. போன மாதம். எழுந்து நடந்தபோது பேன்ட்டு இறங்கியது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள், நான் வழக்கம்போலப் போகவில்லை. ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் ஒரு தையல் ஓட்டினேன். கறுப்பு, பள்ளிக்கூடங்கள் திறக்கிற நெரிசலில், கருநீல நூல்கண்டு தீர்ந்துபோயிருந்த வாரம். நாலு மாதமாகிறது. முதல் வரிசை அதற்கும் முன்னால், மழைக்காலத்தில். மூன்று தடவையும் கை தன் பாட்டுக்குச் செய்தது. கண்ணில் தூசி விழுந்தால் கசக்குவதைப்போல, துணி தொளதொளத்தால் பிடிக்கிற கை இது. மற்ற பேன்ட்டுகள், பாவாடைகள், எல்லாவற்றையும் அது இப்படித்தான் செய்திருக்கும்.

அதனால்தான் எல்லாம் கச்சிதமாக இருக்கின்றன.

டேப்பை எடுத்தேன். பழைய தையலிலிருந்து பச்சை வரை ஒரு பக்கத்துக்கு ஒன்றே முக்கால் அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்றரை.

“அக்கா, டாக்டர் துணி லூஸ் ஆச்சான்னு கேட்டார். நான் இல்லைன்னு சொன்னேன்.”

அவளுக்கு உடனே புரியவில்லை. டேப்பை என் கையிலிருந்து வாங்கி அவளே அளந்தாள். பிறகு அதை முதலில் தன் இடுப்பைச் சுற்றியும், அடுத்து என் சட்டையைத் தூக்கி என்னைச் சுற்றியும் பிடித்துப் பார்த்தாள். அவள் விரல் என் இடுப்பெலும்பில் இடித்தது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“இவ்வளவு நாளா இதை மறைச்சு வச்சிருந்தியேடி” என்றாள்.

“எனக்கே தெரியாதே.”

“தெரியாதாம். உடம்பு பாட்டுக்குக் கரையுது, இவ பாட்டுக்குத் தைச்சுக்கிட்டே போறா. ஊர் அளவெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கா, சொந்த அளவு தெரியாதாம்.” திட்டத்தான் ஆரம்பித்தாள். குரல் பாதியில் இறங்கிவிட்டது. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் மறுபடி பிளேடை எடுத்தேன். “போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அப்புறம் பிரிச்சு உனக்கு—”

“கருநீலத்துல கறுப்பு நூலும் கருநீல நூலும் போட்டோல எங்கடி தெரியும்? பிளேடை வை கீழே.”

“உன் இன்டர்வியூ?”

“என்கிட்ட பழுப்பு பேன்ட்டு ஒண்ணு இருக்கு. மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க இடுப்புக்கு மேலதானே பாப்பாங்க? பாதி வேலையாவது கிடைக்கும்.” எழுந்து பேன்ட்டை மடித்தாள். பச்சை நூலின் அறுந்த முனை வெளியே நீண்டிருந்தது. இன்னும் பிரிந்துவிடுமோ என்று பயந்தவள்போல அதை உள்ளே தள்ளிவிட்டு ஒரு பையில் வைத்தாள். “காலையில எட்டரைக்கு இதோட அந்த டாக்டர்கிட்ட இருக்கணும். என் கண்ணு முன்னாடி ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டுட்டுக் கிளம்பற.”

மறுநாள் காலை எட்டு இருபதுக்கே போய்விட்டோம். வரவேற்பு மேஜையில், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்த அம்மா பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார். “நேத்துதானே பாத்தீங்க? அடுத்தது மூணு மாசம் கழிச்சு. டோக்கன் இல்லாம உள்ளே விட முடியாது.”

“உள்ளே போக வேண்டாங்க” என்றாள் அக்கா. கருநீலக் கோட்டும் பழுப்புப் பேன்ட்டுமாக, இரண்டு வேறு ஆட்களை இடுப்பில் ஒட்டவைத்ததுபோல நின்றாள். “வெளியில வரும்போது ஒரே ஒரு நிமிஷம்.”

“எல்லாரும் ஒரு நிமிஷம்னுதான் சொல்றாங்கம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் என் முகத்தைப் பார்த்து நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினார்.

உட்கார்ந்தோம். வலி வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது. அக்கா ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் அவளுக்கும் சேர்த்துப் பார்த்தேன். எட்டே முக்கால். ஒன்பது. ஒன்பதே கால். கழிப்பறைக்கு ஒரு தடவை போய் வந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் டாக்டர் வெளியே வந்து போயிருப்பாரோ என்று ஓடி வந்தேன். இன்னும் வரவில்லை என்று அக்கா தலையை ஆட்டினாள்.

ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. டாக்டர் ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் இன்னொரு கையில் அடித்துக்கொண்டிருந்த போனுமாக வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

“நேத்து வந்தவங்கதானே? என்ன ஆச்சு, மாத்திரை ஒத்துக்கலையா?”

“இல்லை டாக்டர். நேத்து நீங்க கேட்டதுல ஒண்ணுக்கு நான் தப்பா பதில் சொல்லிட்டேன்.”

பையிலிருந்து பேன்ட்டை எடுத்தேன். அக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஒருவர் தன் பக்கத்தில் இருந்தவரிடம், துணி விற்க வந்திருக்கிறார்கள் போல என்று சொன்னது காதில் விழுந்தது. போன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. நான் பேன்ட்டை அவர் பக்கம் நீட்டினேன்.

“அந்தக் கோப்பையைக் கொஞ்சம் கீழே வச்சிட்டு, இந்தத் தையலைப் பாக்கறீங்களா, டாக்டர்?”